வரலாற்றுக்கு ஒரு மேடை: பலெர்மோவின் அருங்காட்சியகங்களும் நமது கண்காட்சி அறையும்

ஒவ்வோர் ஆண்டும் யூலை மாதம் 14ஆம் நாள் இரவு, பலெர்மோப் பேராலயத்தை அண்டிய வீதியில் நின்றவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அலங்கரிக்கப்பட்ட பெருந்தேர் ஒன்று, உச்சியிலே சாந்தா ரொசாலியாவின் திருவுருவைத் தாங்கி, பழைய கஸ்ஸாரோ வீதி வழியே கடலை நோக்கி நகர்கிறது. குவாத்ரோ காந்தி நாற்சந்தியில் தேர் தரித்து நிற்க, நகரபிதா அதில் ஏறிப் பலெர்மோவும் ரொசாலியாவும் வாழ்க என முழங்குகிறார். 1624ஆம் ஆண்டில் தூனிஸ் நகரிலிருந்து வந்த கப்பலொன்றுடன் இந்நகருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. மொன்தே பெல்லெக்ரீனோ மலையில் கண்டெடுக்கப்பட்ட புனிதையின் எலும்புகள் 1625இல் வீதிவலமாகக் கொண்டுவரப்பட்டபோது அந்நோய் தணிந்தது என்பது இந்நகர மக்களின் நம்பிக்கை. சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடின்றி அம்மலையில் ஏறி மெழுகுதிரி ஏற்றி வரும் நம்மவர்க்கு இக்கதை புதிதன்று.

நான் இங்கே சுட்ட விரும்புவது வேறொன்று. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நிகழ்ச்சியை இந்நகரத்தார் ஏட்டில் எழுதி அலுமாரியில் வைத்ததோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் அதனை வீதியிலே நடித்துக் காட்டுகிறார்கள். பார்க்க வந்தவர் பார்வையாளராக மட்டும் இருப்பதில்லை. தேருக்குப் பின்னே நடக்கும்போது அவரும் அந்த 1625ஆம் ஆண்டின் கூட்டத்தில் ஒருவராகிறார். வரலாற்றைக் காட்சியாக அமைக்கும் கலையின் அடிப்படை இதுவே. அருங்காட்சியகங்கள் இக்கலையை எவ்வாறு கையாளுகின்றன, எங்கே அது வெல்கிறது, எங்கே தவறுகிறது என்பதை, நாம் வாழும் இந்நகரின் இரண்டு இடங்களைக் கொண்டு விளக்க முயல்கின்றேன். விழா மண்டபத்தின் ஓர் அறையை வரலாற்று அறையாக மாற்றும் எண்ணம் நம் பள்ளியில் எழுந்திருக்கும் இவ்வேளையில் இது பயன்படக்கூடும்.

ஊரில் நாம் நூதனசாலை என்று அழைத்த இடம் பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிகளின் வரிசையாகவே இருந்தது. பெட்டிக்குள் ஒரு நாணயம், அதன் அருகே மஞ்சளேறிய சிறு அட்டை, அட்டையில் ஓர் ஆண்டு. அறிஞருக்கு அது போதும். பள்ளிப் பிள்ளைக்குப் போதாது. இக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆர்தூர் ஹசேலியுஸ். 1878ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் நாட்டுப்புற உடையணிந்த உருவங்களை ஒரு குடும்பக் காட்சியாக அமைத்துக் காட்டினார். பின்னர் 1891இல் ஸ்டொக்ஹோம் நகரில் ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கி, பல மாவட்டங்களிலிருந்து பழைய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பண்டத்தைக் காட்டுவதிலிருந்து பண்டம் வாழ்ந்த வீட்டைக் காட்டுவதற்குக் கலை நகர்ந்தது.

அதன் பின்னர் வந்தவை பல. 1952இல் பிரான்சின் ஷம்போர் கோட்டையில் பிறந்த ஒலி ஒளிக் காட்சி, 1981இல் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை வரை வந்து சேர்ந்தது. அங்கே தூண்களின் மீது விளக்குகள் ஏறி இறங்கச் சிலப்பதிகாரக் கதை ஒலித்தது. 1984இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் யோர்விக் நிலையம் திறக்கப்பட்டது. அகழ்வாய்வு நடந்த அதே நிலத்தின் அடியில் வைக்கிங் காலத்துத் தெருவொன்றை மீளக் கட்டி, பார்வையாளரைச் சிறு வண்டியில் ஏற்றி அதனூடே செலுத்தினார்கள். மீன், புகை, மலசலகூடம் ஆகியவற்றின் மணங்களையும் செயற்கையாகச் செய்து பரப்பினார்கள். அங்கே போய்வந்த பிள்ளைகள் எதை மறந்தாலும் அந்த நாற்றத்தை மறப்பதில்லை என்பார்கள்.

இத்தகைய காட்சியை அமைப்பவர் கையிலுள்ள கருவிகள் நாடக மேடையில் உள்ளவையே. அவற்றுள் முதன்மையானது ஒளி. மனிதக் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் வேண்டும் என்பதால், வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து வருபவரை நேரே இருண்ட அறைக்குள் விடுவதில்லை. இடையில் மங்கலான நடையொன்றை வைப்பர். பழந்துணியும் காகிதமும் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுக்கு மேற்பட்ட ஒளியைத் தாங்கா என்பது பாதுகாப்பாளர்களின் விதி. ஆகவே இருள் பல வேளைகளில் அலங்காரத்துக்காக வருவதில்லை. பண்டத்தைக் காக்கும் தேவையால் வருகிறது. நல்ல வடிவமைப்பாளர் அந்தத் தேவையையே நாடகமாக்குகிறார்.

அடுத்தது நடை. அகன்ற கூடத்திலிருந்து ஒடுங்கிய வழிக்கும், ஒடுங்கிய வழியிலிருந்து மீண்டும் வெளிக்கும் காலே நம்மைக் கொண்டு செல்லும்போது, ஒரு சொல்லும் வாசிக்காமலே உடல் எதையோ விளங்கிக்கொள்கிறது. நம் கோயில்களைக் கட்டிய சிற்பியர்க்கு இது தெரியாததன்று. வெயில் நிறைந்த வீதி, கோபுர வாயில், தூண்கள் அடர்ந்த மண்டபம், அதன்பின் கருவறையின் இருளும் ஒற்றைத் தீபமும். இதைவிடச் செம்மையான காட்சியமைப்பை எந்த அருங்காட்சியகம் செய்தது?

ஒலி மிகவும் ஆபத்தான கருவி. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது. ஓர் அறையின் ஒலி அடுத்த அறைக்குள் கசிந்து அங்கே அமைதியாக நிற்பவரைக் குலைக்கும். அனுபவமுள்ளவர்கள் ஒலியைச் சிக்கனமாகவே பயன்படுத்துவர்.

இனி நமது நகருக்கு வருவோம்.

கடற்கரைக்கு அணித்தாக, பியாட்சா மரீனா சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், அந்தோனியோ பஸ்குவலீனோ பன்னாட்டுப் பொம்மலாட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. பஸ்குவலீனோ தொழிலால் அறுவை மருத்துவர். ஆர்வத்தால் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர். 1950களிலும் 60களிலும் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தபோது, சிசிலியின் பொம்மலாட்ட அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பொம்மைகளை ஆட்டி வந்த குடும்பங்கள் அவற்றைப் பழம்பொருள் வணிகர்களுக்கு விற்றன. அவை சிதறிப் போகாமற் காக்கும் நோக்குடன் 1965இல் அவரும் அவருடைய துணைவியார் யானே விபேக்கும் நண்பர்களும் ஒரு சங்கத்தை அமைத்தனர். 1975இல் அருங்காட்சியகம் எழுந்தது. 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் சிசிலியப் பொம்மலாட்டத்தை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது.

இந்தப் பொம்மைகளை இத்தாலியர் பூப்பி என்பர். நம்மூர்ப் பொம்மலாட்டத்தில் நூல் முதன்மை பெறும். இங்கே இரும்புக் கம்பி. ஒரு கம்பி தலையினூடே செல்கிறது, மற்றொன்று வலக்கையைப் பிடிக்கிறது. பலெர்மோப் பொம்மை ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் உயரமுடையது, முழங்கால் மடங்கும், உறையிலிருந்து வாளை உருவவும் மீண்டும் செருகவும் அதனால் இயலும். கற்றானியாப் பொம்மை இதைவிட உயர்ந்தது, எடை மிகுந்தது. அதன் கால் மடங்குவதில்லை. கவசம் பித்தளையாலும் செம்பாலும் தட்டி எடுக்கப்பட்டது. ஆட்டுபவர் மேடையின் பக்கத்தில் மறைந்து நின்று, போர்க்காட்சி வரும்போது மரக்கட்டைச் செருப்பணிந்த காலால் பலகைத் தளத்தில் ஓங்கி மிதிப்பார். அந்த மிதியே போர்முரசு.

ஆடப்படும் கதை சக்கரவர்த்தி கார்லோ மாஞ்ஞோவுடையதும் அவருடைய வீரர் ஒர்லாந்தோவுடையதும். ஓரிரவில் முடிவதன்று; முற்காலத்தில் இரவுக்கு ஒரு பகுதியாக மாதக்கணக்கில் தொடர்ந்து நடந்தது. நம் ஊர்க் கோயில்களில் பாரதம் படித்த காலத்தை இது நினைவூட்டவில்லையா? இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமற் கடக்க மனம் வரவில்லை. இதே சக்கரவர்த்தியின் கதை கேரளக் கரையில், கொச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கரிடையே, சவிட்டு நாடகமாக ஆடப்படுகிறது. அந்தக் காறல்மான் சரித நாடகத்தின் மொழி தமிழ் கலந்தது. அதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. சவிட்டு என்றால் மிதித்தல். அங்கும் நடிகர்கள் பலகை மேடையை மிதித்தே போரை ஒலிக்கச் செய்கிறார்கள். பலெர்மோவில் ஒரு கால், கொச்சியில் ஒரு கால், கதை ஒன்று. மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் அண்ணாவிமாரிடம் கூத்துப் பழகிய குடும்பத்தினர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டியது இதன் பொருட்டே.

காட்சியமைப்பு என்ற நோக்கில் இந்த இடத்தின் சிக்கல் யாது? மேடையில் உயிர் பெற்று வாழ்ந்த பொம்மை, பெட்டிக்குள் வைத்தவுடன் பிணமாகிவிடுகிறது. இங்குள்ளோர் அதற்குக் கண்ட விடை எளிது. பொம்மைகளை அவை அரங்கின் பின்புறம் தொங்கியவாறே வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள்; வண்ணத் திரைச்சீலைகளையும் விளம்பரப் பதாகைகளையும் அருகே வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடத்துக்குள்ளேயே அரங்கு ஒன்று உண்டு. அதில் பொம்மலாட்டக் குடும்பங்கள் வந்து ஆடுகின்றன. முதலில் தொங்குவதைப் பார்த்த கண், பின்னர் ஆடுவதைப் பார்க்கிறது. நடிப்பே வரலாறாக உள்ள இடத்தில் நாடகப்பாங்கு பொருந்தாமற் போக வழியில்லை. இவ்வளவு தாராளமாக வேறெங்கும் அதனைக் கையாள முடியாது என்பது என் கருத்து. இந்தியா, இந்தோனேசியா, மியன்மார், வியட்நாம் ஆகிய நாடுகளின் பொம்மைகளும் அங்கே உள்ளன.

இனி வருவது கடினமான இடம். பியாட்சா மரீனா சதுக்கத்தின் ஓரத்தில் கோட்டை போல நிற்கும் கட்டடத்தைப் பலமுறை கடந்து சென்றிருப்போம். அதுவே கியாரமோன்தே மாளிகை. மக்கள் ஸ்தேரி என்பர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபுக் குடும்பம் ஒன்று அதனைக் கட்டியது. அதன் பெருங்கூடத்தின் மரக்கூரை 1377 முதல் 1380 வரை வரையப்பட்ட ஓவியங்களால் நிறைந்தது. 1392இல் அக்குடும்பத்தின் கடைசித் தலைவர் அந்த்ரேயா தன் மாளிகையின் முன்றலிலேயே தலை துண்டிக்கப்பட்டார். பின்னர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1782 வரை, ஸ்பானிய அரசின் சமய விசாரணை மன்றம் அங்கே இருந்தது. மாளிகையை ஒட்டிச் சிறைக்கூடம் ஒன்றும் கட்டப்பட்டது. மறைநெறியினின்று பிறழ்ந்தார், தூற்றினார், சூனியம் செய்தார், யூதர் அல்லது முஸ்லிம்களின் வழக்கத்தைக் கைக்கொண்டார் என்றெல்லாம் குற்றம் சாட்டப்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டனர்.

விசாரணை மன்றத்தார் நாடகக்கலையில் வல்லவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பு வாசிக்கும் நாளில் நகரின் வெளியிலே பெருமேடை கட்டப்படும். பிரபுக்களுக்குத் தனி இருக்கைகள், குற்றவாளிகளுக்குச் சிறப்பு உடை, கையில் மெழுகுதிரி, பின்னர் ஊர்வலம். 1724ஆம் ஆண்டில் ஒரு துறவியும் ஒரு கன்னிகையும் எரிக்கப்பட்ட நிகழ்ச்சியை, அக்காலத்து அறிஞர் மொஞ்ஜித்தோரே படங்களுடன் விரிவாக எழுதி வெளியிட்டார். காட்சி, ஒளி, நடை, ஒலி ஆகிய நான்கையும் அச்சமூட்டும் பொருட்டு ஒருங்கே திரட்டிய நாடகம் அது.

1782இல் மன்றம் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அரசப் பிரதிநிதி கரச்சோலோவின் ஆணைப்படி அதன் ஆவணங்கள் தீயிலிடப்பட்டன. யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்ற விவரங்களும் அவற்றோடு அழிந்தன. நூல்நிலையம் எரிந்ததைக் கண்ணாற் கண்ட ஒரு மக்கட் கூட்டத்தைச் சேர்ந்த நமக்கு, ஓர் ஆவணக் குவியல் எரிவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கே எரித்தவர் நோக்கம் வேறு. பழைய பகைகள் மீண்டும் கிளரக்கூடாது என்பதும் அதில் அடங்கும். எவ்வாறாயினும் கைதிகளின் கதை அத்துடன் முடிந்தது என்றே எல்லாரும் எண்ணியிருப்பர்.

1906ஆம் ஆண்டு, சிசிலியின் நாட்டார் வழக்காற்றைத் தொகுத்த பேரறிஞரும் மருத்துவருமான ஜுசெப்பே பித்ரே இச்சிறை அறைகளின் சுவர்களில், வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சின் அடியில், கோடுகள் இருப்பதைக் கண்டார். பல மாதங்கள் பொறுமையாகச் சுரண்டி மூன்று அறைகளின் சுவர்களை வெளிப்படுத்தினார். 1916இல் அவர் மறைந்தார். இதைப் பற்றிய அவருடைய நூல் 1940இல்தான் வெளியாயிற்று. ரகல்முத்தோ ஊரைச் சேர்ந்த எழுத்தாளர் லெயோனார்தோ ஷாஷா 1964இல் எழுதிய நூல், இச்சிறையை மீண்டும் மக்கள் நினைவுக்குக் கொண்டு வந்தது. அவருடைய ஊரவரான தியேகோ லா மத்தீனா என்னும் துறவி 1657இல் தன்னை வதைத்த விசாரணையாளரைக் கைவிலங்காலேயே அடித்துக் கொன்று, 1658இல் சாந்த எராஸ்மோ வெளியில் எரிக்கப்பட்டவர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த புனரமைப்பின்போது கீழ்த்தளத்துச் சுவர்களிலும் எழுத்துக்களும் ஓவியங்களும் வெளிப்பட்டன.

என்ன வரைந்தார்கள்? எதைக் கொண்டு வரைந்தார்கள்? தரையின் செங்கல்லைச் சுரண்டிய தூளே செந்நிறம். விளக்கின் கரியே கருநிறம். புனிதர்கள், சிலுவை சுமந்த இயேசு, அகன்று திறந்த பூதத்தின் வாயிலிருந்து முதுபெரும் தந்தையர் வெளிவரும் காட்சி, 1571ஆம் ஆண்டின் லெப்பாந்தோக் கடற்போர், சிசிலித் தீவின் படம் ஒன்று. சிசிலிய மொழியிலும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கள் உள்ளன. ஆங்கிலேயரும் அங்கே கிடந்தனர் என்பதற்கு அது சான்று. ஒருவர் வரைந்ததன் மேல் சுண்ணாம்பு பூசப்பட, அதன்மேல் அடுத்தவர் வரைந்திருக்கிறார். வரைந்தவர்களுள் சிலர் கைதேர்ந்தவர்கள். பலர் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாக ஓவியம் தீட்டியவர்கள் போலும்.

இந்த இடத்தைக் காட்சிப்படுத்துமாறு ஒரு வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்தால் அவர் கை எவ்வளவு துடிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். சங்கிலி ஒலி, முனகல், தீப்பந்தம், முக்காடிட்ட மெழுகு விசாரணையாளர், எல்லாவற்றுக்கும் இங்கே இடமுண்டு. அத்தகைய சித்திரவதைக் கூடங்கள் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணத்துடன் நடக்கின்றன. ஸ்தேரியில் செய்யப்பட்டிருப்பது வேறு. அறைகள் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டுள்ளன. வழிகாட்டியுடன் சிறு கூட்டமாகவே உள்ளே செல்கிறோம். அவர் குரலைத் தவிர வேறு ஒலியில்லை. சுவருக்கு அருகே நின்று, கோட்டிலிருந்து கோட்டுக்குக் கண்ணை நகர்த்தித்தான் படிக்க வேண்டும். கைதியும் அதே தூரத்தில் நின்றுதான் அதை வரைந்தான். பார்வையாளரை வரலாற்றின் நடுவில் நிறுத்துவது என்று நான் தொடக்கத்தில் சொன்னது இங்கே ஒரு பொருளும் சேர்க்காமலே நிறைவேறிவிடுகிறது.

விசாரணை மன்றம் மேடை கட்டியது. கைதி சுவரில் எழுதினான். அந்த மேடையை மீண்டும் கட்டினால் நாம் விசாரணையாளரின் நாடகத்தையே இரண்டாம் முறை அரங்கேற்றுகிறோம். சுவரை மட்டும் காட்டினால் கைதி பேசுகிறான். ஸ்தேரியைப் பராமரிக்கும் பலெர்மோப் பல்கலைக்கழகத்தார் இரண்டாவது வழியைக் கொண்டது பாராட்டத்தக்கது.

எளிமை எப்பொழுதும் வெல்வதில்லை. பிற நாடுகளில் இவ்வழக்கு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலாபாக் திடலுக்குள் படையினர் புகுந்த ஒடுங்கிய வழியை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். இருபுறமும் வெறுஞ்சுவர், அந்த ஒடுக்கமே நடுக்கம் தரும். 2021இல் முடிந்த புனரமைப்பில் அச்சுவர்கள் மனித உருவச் சிற்பங்களால் நிரப்பப்பட்டன. ஒலி ஒளிக் காட்சியும் சேர்க்கப்பட்டது. வரலாற்றாசிரியர்களும் இறந்தோரின் வழித்தோன்றல்கள் சிலரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். செய்தவர்கள் நல்லெண்ணத்துடன், இறந்தவர்க்கு உருவம் கொடுப்பதாகவே எண்ணியிருக்கலாம். ஆனால் பார்வையாளன் கற்பனையால் நிரப்ப வேண்டிய வெற்றிடத்தை அச்சிற்பங்கள் அடைத்துவிட்டன.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் எரிகாயங்களுடன் தள்ளாடி நடக்கும் மனித உருவங்கள் பல்லாண்டுகள் நின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றைக் கண்டு அஞ்சினர். அன்றைய நாளில் உயிர் தப்பியவர்களுள் சிலரோ உண்மை அதைவிடக் கொடியது என்றனர். 2017இல் அவ்வுருவங்கள் அகற்றப்பட்டு, இறந்தவர்கள் அணிந்திருந்த உடைகள், வைத்திருந்த பொருள்கள் ஆகிய மூலச் சான்றுகளுக்கு முதலிடம் தரப்பட்டது. அகற்றக் கூடாது என்று வாதாடியவர்களும் இருந்தனர். அம்ஸ்ரர்டாமில் ஆன் பிராங்க் ஒளிந்திருந்த அறைகள் தந்தை ஒற்றோ பிராங்கின் விருப்பப்படி தளபாடமின்றி வெறுமையாகவே 1960இல் திறக்கப்பட்டன. தளபாடங்கள் எவ்வாறு இருந்தன என்பதைக் காட்டச் சிறிய மாதிரி ஒன்றைப் பின்னர் தனியாகச் செய்து வைத்தார்கள். மூலம் ஓரிடம், மாதிரி ஓரிடம், இரண்டையும் கலக்கவில்லை. என்னைக் கேட்டால், காட்சியமைப்பாளர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்களுள் இதற்கு ஈடானது வேறில்லை.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் நடக்கின்றன. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டின் பாங்கில் கட்டிய கட்டடம் அது. அங்கே படக்காட்சிகளும் உண்டு. எனினும் ஆதன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓட்டுக்கு இணையாக வேறெதையும் நான் கருதமாட்டேன். ஸ்தேரியின் கைதியைப் போலவே அவனும் கையிற் கிடைத்த மண்பரப்பில் தன்னை எழுதிவைத்திருக்கிறான். அந்தப் பெயரைப் படிக்க நம் பள்ளிப் பிள்ளைக்கு மின்திரை வேண்டாம். எழுத்துக்களை ஒப்பிட்டுக் காட்டும் ஓர் அட்டை போதும்.

இனி நமது அறை. நம்மிடையே முன்வைக்கப்பட்ட யோசனைகளுள் ஒன்று, அட்டைப்பெட்டிகளாலும் சாக்குகளாலும் பதுங்குகுழி ஒன்றைச் செய்து, உள்ளே சிவப்பு மின்குமிழ் எரியவிட்டு, குண்டு விழும் ஓசையை ஒலிபெருக்கியில் போடுவது. இளைஞர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த மண்டபத்துக்கு வருவோர் யாவர்? பாதிப்பேர் உண்மையான குழிக்குள் இருந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஓசை வரலாறன்று. விழா நாளில், பட்டுச்சேலையுடன் பேரப்பிள்ளையின் நடனம் பார்க்க வந்த ஓர் அம்மாவை எச்சரிக்கையின்றி அந்த இரவுக்குத் திருப்பி அனுப்பும் உரிமை நமக்கு இல்லை. மறுபாதி இங்கே பிறந்த பிள்ளைகள். அவர்கள் உள்ளே ஓடி, வெளியே ஓடி, மீண்டும் வரிசையில் நிற்பார்கள். அது அவர்களுடைய குற்றமும் அன்று. நாம் அதனை விளையாட்டுக்கூடமாகவே செய்திருப்போம்.

வேறொரு வழியைச் சொல்கிறேன். வீட்டு வளவில் குழி வெட்டியவர்கள் நம்மிடையே உள்ளனர். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட அந்தக் குழியின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அந்த அளவை அறையின் தரையில் வெண்கட்டியால் கோடிட வேண்டும். சுவர் வேண்டாம், கூரை வேண்டாம், ஓசை வேண்டாம். அத்தனை பிள்ளைகளையும் அந்தக் கோட்டுக்குள் அமரச் சொல்ல வேண்டும். முழங்கால் முழங்காலை இடிக்கும். ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். அளவு உண்மையானது, மற்றதெல்லாம் அவர்கள் மனத்தில் நடக்கும். அந்தக் குழியில் இருந்த பெரியவர் ஒருவர் விரும்பினால் அருகே கதிரை போட்டு அமர்ந்து பேசட்டும். விரும்பாவிட்டால் பேச வேண்டாம். இந்நகரின் புகழ்பெற்ற கதைசொல்லி மிம்மோ குத்திக்கியோ ஒரு மரவாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழுப் போரையும் நிகழ்த்துகிறார். நம் பெரியவருக்கு அதுவும் தேவைப்படாது.

மேசையில் மூன்று பொருள்களுக்கு மேல் வேண்டாம். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் படித்த ஜாம் போத்தல் விளக்கு ஒன்று. போத்தலின் அடியிலே சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும், மெல்லிய திரியும். எண்ணெய் சிக்கனமாக எரிவதற்காகக் கண்ட உபாயம் அது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டதையும் செய்து காட்டலாம். இதிலே பிள்ளைகள் கைவைக்கலாம், சிரிக்கலாம், போட்டியிட்டும் சுற்றலாம். சுற்றுவதை நிறுத்தியதும் செய்தி நின்றுபோவதை அவர்களே கண்டுகொள்வார்கள். தீப்பற்றும் அச்சம் இருப்பதால் விளக்கை ஏற்றாமலே வைப்பது நலம். மூன்றாவது பொருளை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டிலிருந்து தெரிவு செய்யட்டும்.

ஒவ்வொன்றுக்கும் சிறு அட்டை எழுத வேண்டும்: இது மூலம், அல்லது இது இங்கே செய்த மாதிரி. தமிழிலும் இத்தாலிய மொழியிலும், பத்து வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில். பெரியவர்கள் குனிந்து படிக்கட்டும்.

ஆயத்தத்துக்கு முன் பிள்ளைகளை இந்த இரண்டு இடங்களுக்கும் அழைத்துச் செல்ல ஒரு காலைப்பொழுது போதும். இரண்டும் அருகருகே உள்ளன. முதலில் ஸ்தேரிக்குப் போவது நல்லது. வெளியே வந்ததும் எதிரேயுள்ள கரிபால்டிப் பூங்காவில், விழுதுகள் தரையூன்றிய பெரிய மரத்தின் நிழலில் சற்று இருக்கலாம். அது நம் ஆலமரத்துக்கு உறவு. கொண்டுபோன உணவை அங்கேயே உண்டுவிட்டு, பின்னர் பொம்மைகளிடம் போகலாம். முறை மாற்றிப் போனால், வாளோசையைக் கேட்ட காதுடன் வரும் பிள்ளைகளைச் சிறை அறையில் அமைதியாக நிறுத்துவது ஆசிரியர்களுக்குப் பெரும்பாடாகிவிடும்.